ஆர்லோவின் எடை

ஆர்லோ டீட்ஸுக்குக் கடலைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. நெப்ராஸ்காவின் மேற்குக் கோடியில், கண்ணுக்கு எட்டிய தூரம்வரை புல் மட்டுமே அலையடிக்கும் ஊரில் பிறந்தவன். குளிர்காலம் தவறாமல் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டி, ஓய்வுபெறக் கொஞ்ச நாளே இருக்கும்போது அவன் மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. பிழைத்துக்கொண்டான். பேச்சு திரும்பியது, நடையும் மெல்லத் திரும்பியது. எதைப் பார்த்தாலும் அதன் இடது பாதி மட்டும் அவனுக்குத் திரும்பி வரவில்லை. தட்டில் இடப்பக்கம் கிடக்கும் உருளைக்கிழங்கைத் தொடாமலே எழுந்துவிடுவான். லவோன் தட்டைத் திருப்பி வைப்பாள்.

லவோன் அவன் மனைவி. பள்ளிப் பேருந்து ஓட்டியவள். வீட்டுச் சாவி, வண்டிச் சாவி, மாத்திரை டப்பா எல்லாம் அவள் கைக்கு வந்தன. அதன்பிறகு ஒருவர் கண்ணுக்கு மறைவாக இன்னொருவர் இருந்ததே இல்லை. அவன் குளிக்கும்போதுகூடக் கதவு ஒரு விரற்கடை திறந்தே இருக்கும். அவளுக்குத் தெரியாமல் அவனுக்கு எதுவும் நடக்க வழியில்லாமல் போனது. அதனாலோ என்னவோ, சாப்பிட உட்கார்ந்தால் இருவருக்கும் பேச ஒன்றும் இருப்பதில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் மேஜைமேல் வரைபடத்தை விரித்துவைத்து, வலது ஓரத்திலிருந்து மேற்கே விரலை நகர்த்திக்கொண்டிருந்தான். வயோமிங் மலைக்கு அப்பால் ஓர் ஊரின் பெயரில் விரல் நின்றுவிட்டது. டென் ஸ்லீப். பத்து உறக்கம். பழைய காலத்தில் அங்கே போய்ச்சேர பத்து இரவு தூங்கி எழ வேண்டுமாம். இப்படி ஒரு பெயர் வைத்த ஊர் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும் என்று அவன் சொன்னான். லவோனும் சரி என்றாள்.

வசந்தத்தில், வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் ட்ரெய்லர் வீடு ஒன்று வாங்கினார்கள். வெள்ளை நிறம், உள்ளே அடுப்பு, குளியலறை, படுக்கையை ஒட்டி அகலமான ஜன்னல். அவர்களுடைய பிக்கப் வண்டி ஒன்பதாயிரம் பவுண்டு இழுக்கும், இந்த வீடு சாமான் சட்டியோடு ஏழாயிரத்தைத் தாண்டாது, கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்றான் விற்றவன். வாசலில் நிறுத்தி முதல் நாள் அதிலேயே படுத்துப் பார்த்தார்கள். ஜன்னல் முழுக்க நட்சத்திரம். பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் லவோன் விடியும்வரை விழிக்காமல் தூங்கினாள்.

புறப்படும் நாளில் வீட்டைப் பிக்கப்பின் கொக்கியில் மாட்டியதும் வண்டியின் பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. முன்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

"பாரேன், வண்டி மூக்கத் தூக்கிக்கிட்டு வானத்த மோந்து பாக்குது," என்றான் ஆர்லோ. "கனமானதெல்லாம் ட்ரெய்லருக்குப் பின்பக்கம் தள்ளு. சரியாயிடும்."

ஜெனரேட்டரையும், கருவிப் பெட்டிகளையும், அவன் அம்மாவின் இரும்பு வாணலிகளையும் லவோன் ட்ரெய்லரின் வால்பக்கம் கொண்டுபோய் வைத்தாள். வண்டி சமமாக நிமிர்ந்தது. பார்க்கவும் அழகாக இருந்தது.

கேஸ்பர் நகரைத் தாண்டி வடக்கே ஏறும்போது காற்று பிடித்துக்கொண்டது. பெரிய லாரி ஒன்று அவர்களை முந்திப் போனது. அது கடந்த மறுகணம் லவோன் பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். வெள்ளைச் சுவர் மெதுவாக இடதுபுறம் போனது. பிறகு மெதுவாக வலதுபுறம். யாரோ வேண்டாம், வேண்டாம் என்று தலையாட்டுவது போல இருந்தது. அடுத்த ஆட்டத்தில் பிக்கப்பின் பின்பக்கமும் சேர்ந்து ஆடியது. சத்தமே இல்லை. சாலையும் புல்வெளியும் தூரத்து மாடுகளும் தண்ணீருக்கடியில் அசைவது போல அசைந்தன. காலை பிரேக்கில் வைக்கக் கூடாது என்பது மட்டும் அவளுக்கு நினைவிருந்தது. ஆக்ஸிலரேட்டரை விட்டாள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ட்ரெய்லரின் சக்கரங்களுக்கு மட்டும் பிரேக் பிடிக்கும் சின்னக் கைப்பிடியை மெல்ல அழுத்தினாள். ஆட்டம் குறைந்து, குறைந்து, நின்றது.

ஓரம் கட்டி நிறுத்தினாள். ஆர்லோவுக்கு இடது கண்ணாடியில் நடந்தது தெரியவில்லை. இருக்கை ஆடியது தெரிந்திருந்தது.

"தொட்டில்ல போட்டு ஆட்டுன மாதிரி இருந்துச்சு," என்றான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மலையடிவாரத்தில் இருக்கும் பஃபலோ என்ற ஊர்வரை மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினாள். லாரிகள் வந்து நிற்கும் பங்க்கில் ஓர் எடை மேடை இருந்தது. நேராக அதன்மேல் ஏற்றி நிறுத்தினாள். ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் ஒவ்வொரு சக்கர வரிசைக்கும் எத்தனை பவுண்டு என்று வாசித்தது, கடைசியில் உள்ளே சுடச்சுட வறுத்த கோழி இருக்கிறது என்றும் சொன்னது. மொத்த எடையில் வம்பே இல்லை. விற்றவன் சொன்னது சரிதான், இழுக்கும் கணக்கில் இன்னும் இடமிருந்தது. ஆனால் கனத்தை வாலுக்குத் தள்ளியதில் ட்ரெய்லரின் மூக்கு கொக்கியை அழுத்துவதே இல்லை. அதனால்தான் அது இஷ்டத்துக்கு ஆடியிருக்கிறது. ஏழாயிரம் பவுண்டு வீட்டின் மூக்கு ஏறக்குறைய தொள்ளாயிரமாவது அழுத்தினால்தான் அடங்கி வரும்.

அங்கேயே ஓடைக்கரையில் ட்ரெய்லர்கள் தங்கும் தோப்பு ஒன்றில் இடம் பிடித்தார்கள். ஜூன் மாதம். ஓடையோரக் காட்டன்வுட் மரங்களிலிருந்து பஞ்சு பறந்துகொண்டே இருந்தது. காற்றே இல்லாமல், அவசரமே இல்லாமல், வெயிலில் பனி பெய்வது போல. ஆர்லோவின் தொப்பியில், காப்பியில், எல்லாவற்றிலும் பஞ்சு.

சாமான்களை முன்னுக்கு மாற்றினாள். வண்டி மறுபடி உட்கார்ந்தது. அப்போதுதான் ஓட்டுநர் கதவை ஒட்டிய சட்டத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் ஸ்டிக்கரைக் குனிந்து படித்தாள். இந்தப் பிக்கப் வாங்கிய நாளிலிருந்து அவள் முழங்கால் அதில் உரசிக்கொண்டுதான் இருந்தது. ஆட்களும் சாமானும் சேர்த்து ஆயிரத்து இருநூற்றைம்பது பவுண்டுக்கு மேல் இந்த வண்டி தாங்காது என்று எழுதியிருந்தது. இழுப்பது வேறு, முதுகில் தாங்குவது வேறு. வீட்டின் மூக்கு அழுத்துகிற கனமும் இந்த முதுகில்தான் ஏறும்.

ஆர்லோவிடம் அதைச் சொன்னாள்.

"குதிர வண்டிய இழுக்கும். அந்த வண்டியத் தூக்கி அது முதுகுல வெச்சா?" என்றான். "புரியுது."

இறக்கத் தொடங்கினார்கள். ஜெனரேட்டரைப் பக்கத்து ட்ரெய்லர்காரருக்குக் கொடுத்தார்கள். கருவிப் பெட்டிகளைத் தோப்பின் சொந்தக்காரர் எடுத்துக்கொண்டார். இரும்பு வாணலிகளில் ஒன்றைத் தவிர மற்றவையெல்லாம் போயின. தொட்டியிலிருந்த தண்ணீரைத் திறந்துவிட்டாள். அது புல்லுக்குள் ஓடி, பஞ்சை மிதக்கவைத்துக்கொண்டு, ஓடைப்பக்கம் போவதை இருவரும் நின்று பார்த்தார்கள். பிக்கப்பின் பின்னால் ஒரு துரும்பு மிச்சமில்லை.

பிறகு மேஜையில் உட்கார்ந்து லவோன் மறுபடி கூட்டினாள். வீட்டின் மூக்கு தொள்ளாயிரம். கொக்கிச் சட்டம் நூறு. அவள் நூற்றைம்பது. இன்னும் நூறு பவுண்டுக்குத்தான் இடம். அவள் விரலால் மேஜையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் எறக்க என்ன மிச்சம் இருக்கு?" என்று கேட்டான் ஆர்லோ.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவனே புரிந்துகொண்டான்.

"நான்தான் மிச்சம்," என்றான். "இருநூத்தி எம்பது பவுண்டு. நல்லாத்தான் வளத்திருக்க."

"உங்கம்மா வளத்தது. நான் போடறதுல பாதிய நீ தட்டுலயே விட்டுடற."

அவன் குலுங்கிச் சிரித்தான். கூடுதல் கனத்தோடு எத்தனையோ பேர் அந்த மலையைத் தாண்டுகிறார்கள், நூற்றெண்பது பவுண்டு ஒரு பெரிய விஷயமா என்று கேட்டும் பார்த்தான். இருக்கைகளின் எண்ணிக்கைக்கு மேல் ஒரு பிள்ளையைக்கூட ஏற்றாமல் இத்தனை வருடம் பேருந்து ஓட்டியவள் நான் என்றாள் அவள். கணவாய் ஒன்பதாயிரம் அடிக்கு மேலே. அந்தப் பக்கம் இறக்கம் செங்குத்து. காலையில் கண்ணாடியில் பார்த்த வெள்ளைச் சுவர் இன்னும் அவள் கண்ணுக்குள் ஆடிக்கொண்டிருந்தது. ஊருக்கே திரும்பிவிடலாம் என்றாள். ஆர்லோ சரி என்று தலையசைத்தான். பஞ்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் தலையசைத்த விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மாலையில் ஓடைப்பக்கம் ஒரு தொட்டி லாரி வந்து நின்றது. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மீன் பண்ணை. அங்கிருந்து ஏரி குளங்களில் விடுவதற்கு மீன்குஞ்சு கொண்டுவருபவள் மர்லா ஸ்டென்சன். முப்பது வயதிருக்கும், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். ஊர்க் குளத்தில் பாதியை விட்டுவிட்டாள், மீதியைக் காலையில் மலைமேல் ஓர் ஏரியில் விட வேண்டும். லவோன் முட்டை பொரித்துக்கொண்டிருந்தபோது ஆர்லோ எழுந்து போனதைக் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவன் தொட்டியின் மூடிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றான். உள்ளே குமிழி வெடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் தன் எடைக் கதை முழுவதையும் அவன் மர்லாவிடம் சொல்லி முடித்திருந்தான்.

"நான் நாளைக்கு டென் ஸ்லீப் வழியாத்தான் போறேன்," என்றாள் மர்லா. "பக்கத்து சீட்டு காலியா இருக்கு. வாளி தூக்க ஒரு கை கெடைச்சா எனக்கும் நல்லது."

லவோன் முடியாது என்றாள். அவனுக்கு இடப்பக்கம் தெரியாது, மேடு பள்ளம் தெரியாது, மாத்திரை மறந்துவிடுவான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் எதிரிலேயே அவனைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொண்டிருப்பது பாதியில்தான் அவளுக்கு உறைத்தது. மர்லா பொறுமையாகக் கேட்டாள்.

"எங்கப்பாவுக்கு ஒரு காது கேக்காதும்மா. எந்தப் பக்கம் நிக்கணும்னு தெரிஞ்சிக்கிட்டா போதும். நான் வலப்பக்கமே நிக்கறேன்."

ஆர்லோ லவோனைப் பார்க்கவில்லை. குமிழிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். சரி என்று அவள் சொன்னபோது குரல் அவளுடையதாகவே இல்லை.

வெயில் ஏறுமுன் மீன்களைக் கொண்டுபோக வேண்டும் என்பதால் மர்லா முதலில் புறப்பட்டாள். டென் ஸ்லீப்பில் ஒரே ஒரு சாப்பாட்டுக்கடை உண்டு, அங்கே சந்திக்கலாம் என்று பேச்சு. ஆர்லோ மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஜன்னல் வழியாக ஒரு விரலை மட்டும் உயர்த்தினான். பனி தள்ளும் வண்டியில் கிளம்பும்போது அப்படித்தான் காட்டுவான்.

லவோன் கொக்கியை மாட்டினாள். வண்டி இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கி, அடக்கமாக நின்றது. மலை ஏறத் தொடங்கியதும் வலப்பக்கம் திரும்பி, "காது அடைக்குதா?" என்று கேட்டுவிட்டாள். இருக்கையில் ஒரு பஞ்சு மட்டும் கிடந்தது.

உயரே போகப் போக மேகம் சாலைமேல் இறங்கியிருந்தது. ஒரு வளைவில் வெயில், அடுத்த வளைவில் பால் போல மூட்டம். மூட்டத்துக்குள் போகும்போது பின்னால் வரும் வெள்ளை வீடும் மூட்டமும் ஒன்றாகிவிட, எதையும் இழுக்காமல் மிதப்பது போலிருந்தது. ஓரங்களில் பழைய பனி திட்டுத்திட்டாகக் கிடந்தது. அதன் விளிம்பிலேயே நீலப்பூக்கள். ஒரு மான்கூட்டம் சாலையைக் கடக்க நினைத்து, மனதை மாற்றிக்கொண்டு, தலை தூக்கி அவளைப் பார்த்தது. என்ஜின் மூச்சுவாங்கியது, ஆனாலும் ஏறியது. பேருந்துப் பிள்ளைகள் பாடும் ஒரு பாட்டு எப்போது தன் வாயில் வந்தது என்று அவளுக்குத் தெரியாது. கணவாய் உச்சியில் வண்டியை நிறுத்தாமல் கடந்தபோது, உரக்கப் பாடிக்கொண்டிருந்தாள்.

எத்தனையோ நாளாகத் தான் யாரையும் கவனித்துக்கொள்ளாமல் ஒரு மணிநேரம் இருந்ததில்லை என்பது அப்போது தோன்றியது. மனம் லேசாக இருந்தது. அந்த லேசு அவளைக் கொஞ்சம் பயமுறுத்தியது. இந்த இருக்கை ஒருநாள் இப்படித்தான் காலியாகக் கிடக்கும் என்ற நினைப்பும் கூடவே வந்தது. அதை விரட்டவில்லை. அதுபாட்டுக்கு மேகம் போல ஜன்னல் வழியாக வந்து, கொஞ்ச தூரம் கூட வந்து, போயிற்று.

இறக்கத்தில் கியரைக் குறைத்து, பிரேக்கை விட்டு விட்டு அழுத்தி இறங்கினாள். இருபுறமும் தேன் நிறப் பாறைச் சுவர்கள் எழுந்தன. பின்னாலிருந்த வீடு சொன்ன பேச்சைக் கேட்டது. டென் ஸ்லீப்பில் மரநிழலில் நிறுத்தி இறங்கினாள்.

சாப்பாட்டுக்கடையில் ஆர்லோ இல்லை.

அவளுக்கு முன்பே கிளம்பியவர்கள். ஏன் இன்னும் வரவில்லை? கைபேசியில் சிக்னல் இல்லை. மர்லா எப்போதும் தாமதம்தான், மீன் விடப் போனால் நேரம் போவது தெரியாது என்று பரிமாறும் பெண் சொல்லி, கேட்காமலே ஒரு பலகாரத் துண்டை எதிரில் வைத்தாள். ருபார்ப் என்ற புளிப்புத் தண்டை உள்ளே வைத்துச் சுட்டது. லவோன் அதை முள்கரண்டியால் குத்திக்கொண்டிருந்தாள். தெரு அசையாமல் கிடந்தது. ஒரு நாய் தெருவின் நடுவில் படுத்துத் தூங்கியது, எதிரில் வந்த வண்டி அதைச் சுற்றிக்கொண்டு போனது. நிழல் தெருவைத் தாண்டி எதிர்க்கடைப் படிவரை வந்துவிட்டது. பாடிக்கொண்டு வந்தேனே என்று தன்னையே நொந்துகொண்டாள். எழுந்து போய், மலைக்குத் திரும்பிப் போகலாம் என்று ட்ரெய்லரின் கொக்கியைக் கழற்றத் தொடங்கினாள்.

பாதி கழற்றியிருந்தபோது தொட்டி லாரி வந்து நின்றது. ஆர்லோ இறங்கினான். இடுப்புக்குக் கீழே நனைந்திருந்தான். ஒரு காலில் ஷூ இல்லை. மேலெல்லாம் மீன் வாடை. மர்லா மறுபக்கம் இறங்கி, திட்டு வாங்கத் தயாராக நின்றாள்.

லவோன் வாயைத் திறந்தாள். ஆர்லோ வலது கையை உயர்த்தினான்.

"இரு. மொதல்லேருந்து சொல்றேன்."

அவன் அப்படிச் சொல்லி எத்தனை நாளாயிற்று. அவள் கையிலிருந்த கொக்கிச் சங்கிலியைக் கீழே விட்டுவிட்டு, ட்ரெய்லர் படியில் உட்கார்ந்தாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். மர்லா சாப்பிடப் போய்விட்டாள்.

ஏரிக்கு லாரி போகாதாம். புல்வெளி வழியாக வாளியில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். மர்லா இரண்டு வாளி, அவன் வலக்கையில் ஒரு வாளி. எத்தனை நடை என்று எண்ணவில்லை. கடைசி நடையில் கரைக் கல் ஒன்று இடப்பக்கம் இருந்திருக்கிறது, அவன் பார்க்கவில்லை, வாளியோடு தண்ணீருக்குள் போய் நின்றுவிட்டான். ஷூ சேற்றோடு போய்விட்டது. ஐஸ் தண்ணீர். மர்லா கத்தினாள். ஆனால் அவனால் உடனே நகர முடியவில்லை.

"ஏன், கால் மரத்துப்போச்சா?"

"அதில்ல. மீனுங்க போகல. வாளியிலேருந்து எல்லாம் கொட்டிடுச்சு, எவ்ளோ பெரிய ஏரி கெடக்கு, ஒண்ணுகூட போகல. என் கால சுத்தியே நிக்குதுங்க. விரல் நீளந்தான் இருக்கும் ஒவ்வொண்ணும். இவ்ளோ எடத்த வெச்சிக்கிட்டு என்ன பண்றதுன்னு யோசிக்குதுங்க போல. நான் அசைஞ்சா பயந்துடுமேன்னு அப்படியே நின்னேன்."

"எவ்ளோ நேரம்?"

"தெரியல. மர்லாவும் பேசாம நின்னா. அப்புறம் ஒண்ணு போச்சு. அது பின்னால ரெண்டு. அப்புறம் மொத்தமும் ஒரே வெட்டா, கண்ணாடி ஒடைஞ்ச மாதிரி." அவன் அவளைப் பார்த்தான். முகம் முழுக்க சந்தோஷம். "நீ பாக்கலல்ல. அதான் இவ்ளோ விவரமா சொல்றேன்."

லவோன் அவன் ஷூ இல்லாத காலைத் தன் மடியில் எடுத்து வைத்துத் துடைத்தாள். தானும் ஒன்று சொல்ல வேண்டும் என்றாள். மலைமேல் பாடிக்கொண்டு வந்ததைச் சொன்னாள். எந்தப் பாட்டு என்று கேட்டான். மேகம், நீலப்பூ, மனதை மாற்றிக்கொண்ட மான்கள் என்று எல்லாவற்றையும் கேட்டான். இருட்டும்வரை பேசினார்கள். மாறி மாறி. நடுவில் ஒரு வாக்கியத்தின் பாதியிலேயே அவள் தூங்கிப்போனாள்.

பத்து நாளுக்குமேல் அந்த ஊரில் இருந்தார்கள். மர்லாவோடு ஆர்லோ மீன் விடப் போனான், மாலையில் வந்து சொன்னான். லவோன் பாறைச் சுவர்களுக்கிடையில் தனியாக நடந்தாள். பிறகு பக்கத்து நகரத்தில் பெரிய வெள்ளை வீட்டைக் கொடுத்துவிட்டு, பாதி எடையில் பழைய ட்ரெய்லர் ஒன்றை மாற்றி வாங்கினார்கள். வாங்குவதற்கு முன் லவோன் அதன் மூக்கை ஒரு சின்ன எடைத் தராசில் வைத்துப் பார்த்தாள். பிறகு ஆர்லோவையும் அதன்மேல் ஏறி நிற்கச் சொன்னாள். இரண்டும் சேர்ந்து மஞ்சள் ஸ்டிக்கருக்குள் அடங்கின. புது வீட்டில் ஒருவர் எழுந்தால் இன்னொருவர் உட்கார வேண்டும். முழங்கால்கள் இடித்துக்கொண்டே இருந்தன.

செப்டம்பரில் ஒரிகான் கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். காலை நேரம், கனத்த மூடுபனி. கடல் எங்கே என்றே தெரியவில்லை. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது, பக்கத்தில் ஒன்று, தூரத்தில் ஒன்று. இன்னும் கொஞ்சம் முன்னால் போகலாமா என்று லவோன் கேட்டாள். என்ன அவசரம் என்றான் ஆர்லோ. அவள் வண்டியை நிறுத்தி, உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, மூடுபனி உள்ளே வர வர, காப்பி குடித்தார்கள்.